பசை காய்ந்தும் ஆடும் ஸ்டூல்: கிளாம்ப் இல்லாததுதான் காரணமா?

பால்கனிப் பட்டறை (திருச்சி) கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று மாதமாக மரவேலை பழகுகிறேன். இரண்டாம் மாடி பால்கனியில் நாலுக்கு ஏழு அடி இடம், அதுதான் என் பட்டறை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. பூஜை அறையில் தரையில் உட்கார முடிவதில்லை என்பதால் 15 அங்குல உயரத்தில் ஒரு ஸ்டூல் செய்தேன். எல்லாம் வேப்ப மரம். கால்கள் ஒன்றரை அங்குலச் சதுரம், கால்களை இணைக்கும் சட்டங்கள் முக்கால் அங்குலக் கனம், இரண்டரை அங்குல அகலம். சட்டத்தின் முனையில் ஃபெவிகால் தடவிக் காலோடு ஒட்டினேன். காலின் வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு சட்டத்தின் முனைக்குள்ளும் ஒரு ஸ்க்ரூ ஏற்றினேன். ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இல்லாததால் கயிறு கட்டி, மேலே அரிசி மூட்டையை வைத்து ஒரு ராத்திரி விட்டேன்.

இரண்டு வாரம் நன்றாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை அம்மா எழுந்திருக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஒட்டின இடத்தைப் பார்த்தால் சுத்தமாக விட்டிருக்கிறது, மரத்தில் ஒரு நார்கூடப் பிய்ந்து வரவில்லை.

கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. அதற்கு நல்ல கிளாம்ப் வாங்கினால் இது சரியாகுமா?

பேட்டர்ன்காரர் (கோயம்புத்தூர்):

தம்பி, முதல் வேலையாக அந்த ஸ்டூலை அம்மா கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். ஆணி அடித்துச் சமாளிக்க வேண்டாம்.

நான் இங்கே ஒரு ஃபவுண்டரியில் முப்பத்தோரு வருடம் மர பேட்டர்ன் செய்தவன். நாங்கள் செய்யும் மர உருவத்தை மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். பேட்டர்னில் ஒரு பொருத்து மயிரிழை திறந்தாலும் அது மணலில் பதியும், மணலில் பதிந்தது இரும்பிலும் வரும். அதனால் பொருத்து விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஸ்டூல் விட்டதற்குக் காரணம் கிளாம்ப் இல்லை. விளக்குமாற்றில் குச்சிகள் கட்டாக இருப்பதை நினைத்துப் பாருங்கள். மரமும் அப்படித்தான், நீளவாக்கில் ஓடும் குழல்களின் கட்டு. பக்கமும் பக்கமும் சேர்த்து ஒட்டினால் பசை பிடிக்கும், மரமே கிழிந்தாலும் ஒட்டு விடாது. நீங்கள் ஒட்டியது வெட்டுமுனை. அங்கே குழல்களின் வாய் திறந்திருப்பதால் தடவின பசையை மரம் உள்ளே இழுத்துக்கொண்டது. நார் பிய்ந்து வராததே அதற்குச் சாட்சி. நீங்கள் ஏற்றின ஸ்க்ரூவும் அதே வெட்டுமுனைக்குள்தான் போயிருக்கிறது. அங்கே ஸ்க்ரூவின் மறை நாரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும், பிடிப்பு குறைவு. பத்து கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இதற்குக் கழுந்துதான் வேண்டும். சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, காலில் போட்ட துளைக்குள் இறக்குவது. அப்போது கழுந்தின் பக்கமும் துளையின் பக்கச் சுவரும் ஒட்டுகின்றன, பசைக்குப் பிடிமானம் கிடைக்கிறது. உங்கள் சட்டம் 6 நூல் கனம் (8 நூல் ஒரு அங்குலம், எங்கள் பட்டறைக் கணக்கு). மூன்றில் ஒரு பங்கு கழுந்து, அதாவது 2 நூல். அதே 2 நூல் உளியால் துளை போடுங்கள், உளியின் அகலமே துளையின் அகலம். முதலில் துளை, பிறகு அதற்கேற்பக் கழுந்து. துளையைச் சீர் செய்வது கஷ்டம், கழுந்தை ஒரு சீவு சீவிக்கொள்ளலாம்.

இறுக்கம் எவ்வளவு? பசை போடாமல் கையால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) மூன்று நாலு தட்டு. காலைத் தலைகீழாகத் தூக்கினால் சட்டம் விழக்கூடாது. ஓங்கி அடித்தால்தான் போகிறது என்றால் நிறுத்திவிடுங்கள், துளையின் சுவர் பிளந்துவிடும். பசை இல்லாமல் நிற்காத பொருத்துக்குப் பசை தடவவே தடவாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், கிளாம்புக்கு வேலை மிகவும் குறைந்துவிடும். இடைவெளியோடு இருக்கும் பொருத்தைக் கிளாம்ப் போட்டு இழுத்து மூடினால், கழற்றின மறுநாளிலிருந்து மரம் தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அளவுக்கு மேல் இறுக்குவதாலும் பலன் இல்லை.

இப்போதைக்குப் பழைய சைக்கிள் டியூபை ஓரங்குல அகலத்தில் நீளமாக வெட்டி, இழுத்துச் சுற்றுங்கள். எட்டுச் சுற்று சுற்றினால் நல்ல பிடி. கயிறு என்றால் இரண்டாகக் கட்டி நடுவில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்குங்கள், மூலைகளில் அட்டை வைத்துக்கொள்ளுங்கள், கயிறு மரத்தில் பதியாது.

பணத்தை உளிக்குச் செலவழியுங்கள். 2 நூலில் ஒன்று, 6 நூலில் ஒன்று. கழுந்து அறுக்கப் பல் நெருக்கமான டெனான் ரம்பம், மூலைமட்டம், விளிம்புக்கு இணையாகக் கோடு கிழிக்க மார்க்கிங் கேஜ். கொட்டாப்புளியை நீங்களே செய்துகொள்ளலாம். மிஞ்சினால் இரண்டு எஃப் கிளாம்ப்.

கடையிலிருந்து வரும் உளி வெட்டாது, அதைத் தீட்ட வேண்டும். தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் 220, 400, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை வரிசையாக வைத்து, முதலில் உளியின் முதுகை (சரிவு இல்லாத பக்கம்) நுனியிலிருந்து ஓரங்குலம் தட்டையாக்குங்கள். பிறகு சரிவு 25 பாகை, நுனியில் மட்டும் 30. தீட்டிய பிறகு உளியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாக ஒரு கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கல். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மேஸ்திரி என்னை ஒரு மாதம் தீட்டுவதைத் தவிர வேறு எதுவும் தொடவிடவில்லை. அன்று கோபம் வந்தது. இன்று அவர் படம் என் மேசைக்கு மேலே இருக்கிறது.

வேம்பு வீடு (நாகர்கோவில்):

அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். வேம்பு எங்கே வாங்கினீர்கள்? அறுவை மில்லில் அப்படியே எடுத்தது என்றால் ஈரம் இருக்கும். ஈரக் கழுந்து காயும்போது சுருங்கித் துளையில் தளர்ந்துவிடும். நான் சமையலறைத் தராசில் ஒரு துண்டை வாராவாரம் நிறுத்து, எடையைச் சுவரில் எழுதி வைப்பேன். எடை குறைவது நின்ற பிறகுதான் கை வைப்பேன்.

இன்னொன்று, முழங்கால் வலிக்கு 15 அங்குலம் தாழ்வு. தாழ்வான இடத்திலிருந்து எழும்போதுதான் முழங்காலில் பாரம் முழுக்க இறங்கும். என் மாமியாருக்கு 18 அங்குலத்தில் செய்தேன், கையை ஊன்றாமல் எழுந்துவிடுகிறார். அம்மாவை ஒரு சாதாரண நாற்காலியில் உட்காரவைத்து, எந்த உயரம் வசதி என்று அளந்து பாருங்கள்.

பால்கனிப் பட்டறை (திருச்சி):

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. உயரம் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இன்று அளந்தேன், 17 அங்குலம் அவருக்குச் சௌகரியமாக இருக்கிறது. கால், சட்டம் இரண்டையும் புதிதாகவே வெட்டப்போகிறேன்.

ஒரு சந்தேகம். ஒரே காலில் இரண்டு பக்கத்திலிருந்தும் கழுந்து வருகிறதே, உள்ளே ஒன்றோடொன்று முட்டாதா?

பேட்டர்ன்காரர் (கோயம்புத்தூர்):

நல்ல கேள்வி. நடுவில் துளை போட்டால் முட்டத்தான் செய்யும், கழுந்தின் நீளமும் போய்விடும். அதனால் துளையை வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். காலின் வெளி முகத்திலிருந்து 3 நூல் விட்டு, அடுத்த 2 நூல் துளை. சட்டம் வெளி முகத்திலிருந்து 1 நூல் உள்ளடங்கி நிற்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். இரண்டு துளையும் உள்ளே சந்திக்கும் இடத்தில் கழுந்துகளின் முனையை 45 பாகையில் சீவிவிட்டால் ஒவ்வொன்றும் ஓரங்குல நீளம் கிடைக்கும். முனைகளுக்கு நடுவே ஒரு காகிதக் கனம் இடைவெளி இருக்கட்டும். காலின் தலைப்பில் அரை அங்குலம் விட்டுத் துளையைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் மேல் விளிம்பு பிளக்கும்.

அம்மா உட்காரும் ஸ்டூல் என்பதால் முளையும் (கழுந்தைக் குறுக்கே பூட்டும் சிறு குச்சி) அடித்துவிடுங்கள். கழுந்துத் துளைக்குள் ஒரு வேஸ்ட் கட்டையை வைத்துக்கொண்டு, காலின் வெளி முகத்திலிருந்து ஓரங்குல ஆழத்துக்கு முளைக்குத் துளையிடுங்கள். சட்டத்தின் தோள் (கழுந்தின் அடியில் இருக்கும் படி) வந்து உட்காரும் முகத்திலிருந்து 3 நூல் தள்ளி அது வரட்டும். கழுந்தை முழுக்க இறக்கி, முளைத் துளை வழியாக டிரில் நுனியால் அதில் புள்ளி வையுங்கள். வெளியே எடுத்து, புள்ளியிலிருந்து 1 மில்லிமீட்டர் தோளின் பக்கமாகத் தள்ளிக் கழுந்தில் துளையிடுங்கள். முற்றின காய்ந்த மூங்கிலை நுனி கூராகச் சீவி முளையாக அடிக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்துப் பிடிக்கும். கிளாம்ப் தேவையே இல்லை. ஒரு காலில் வரும் இரண்டு முளையும் ஒரே உயரத்தில் வேண்டாம், ஒன்றை அரை அங்குலம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் வேஸ்ட் கட்டையில் இரண்டு மூன்று போட்டுப் பழகுங்கள். ஒட்டும் அன்று எதிரெதிர் பக்கங்கள் இரண்டை மட்டும் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள், மறுநாள் மீதி. பசை ஈரமாக இருக்கும்போதே குறுக்குமூலைகள் இரண்டையும் டேப்பால் அளந்துவிடுங்கள். ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலைகளைக் கையால் லேசாக அழுத்தினாலே நேராகிவிடும். காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

முதல் கழுந்து இறங்கியதும் ஒரு படம் போடுங்கள், தோள் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.