அசிட்டிக் அமிலம் – சோடியம் ஹைட்ராக்சைடு தரம்பார்த்தல்: நிறங்காட்டியை மாற்றினால் அளவு ஏன் இப்படி மாறுகிறது?

கேள்வி (துளித்துளி):
கூம்புக் குடுவையில் 25 மி.லி. அசிட்டிக் அமிலம், ஏறத்தாழ 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்). பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, 4.0 கிராம் எடைபோட்டு 1 லிட்டராக்கியது. நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சு போட்டால் 4 மி.லி.யிலேயே நிறம் மாறத் தொடங்கி 8 மி.லி.க்குள் முழு மஞ்சளாகிவிடுகிறது. எந்தத் துளியில் மாறியது என்று சொல்லவே முடியவில்லை. பினாப்தலீன் போட்டால் மூன்று முறையும் 26.40 மி.லி. வருகிறது, ஆனால் அந்த இளஞ்சிவப்பும் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடுகிறது.

வலிமை குறைந்த அமிலம் என்பதால் காரம் குறைவாகத்தான் செலவாக வேண்டும், இல்லையா? நடுநிலை என்றால் பிஎச் 7, அப்படியென்றால் 7-இல் நிறுத்துவதுதானே சரி? 25-க்குப் பதில் 26.40 ஏன் வருகிறது?

பதில் (பியூரெட்வாசி):
முதல் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். வலிமை வேறு, செறிவு வேறு. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் ஒரு நேரத்தில் அயனியாகியிருப்பது சுமார் 1.3 சதவீதம்தான், அதனால்தான் அதன் பிஎச் 2.9 அளவில் நிற்கிறது. ஆனால் காரம் அந்த ஹைட்ரஜன் அயனிகளைப் பிடுங்கப் பிடுங்க, மீதி மூலக்கூறுகளும் பிரிந்துகொண்டே வரும். கடைசி மூலக்கூறு வரை காரம் கணக்குத் தீர்த்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எவ்வளவு காரம் ஆகுமோ, அதே செறிவும் கனஅளவும் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கும் அவ்வளவேதான்.

மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவது பிஎச் 3.1-இலிருந்து 4.4-க்குள். இரண்டும் சரியாக 0.1 மோலார் என்று வைத்துக்கொண்டால், 4 மி.லி. காரத்திலேயே பிஎச் 4.0, 7.6 மி.லி.யில் 4.4. அதாவது அமிலத்தில் 30 சதவீதம் தீர்வதற்குள் நிறங்காட்டியின் வேலை முடிந்துவிட்டது. அந்த இடத்தில் குடுவையில் இருப்பது அமிலமும் அசிட்டேட்டும் கலந்த தாங்கல் கரைசல், துளிக்குத் துளி பிஎச் அசையவே அசையாது. நிறம் இழுத்துக்கொண்டு மாறுவது அதனால்தான். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, அந்த நிறங்காட்டி இந்த வேலைக்கு ஆகாது.

25.00 மி.லி.க்கு அருகே பாருங்கள். 24.95-இல் பிஎச் 7.5, 25.00-இல் 8.7, 25.05-இல் 10.0. இரண்டே துளியில் இரண்டரை அலகு தாவுகிறது. பினாப்தலீன் மாறும் 8.3–10 இடைவெளி இந்தத் தாவலுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சமானப் புள்ளியில், அதாவது அமிலமும் காரமும் சரிக்குச் சரி தீரும் இடத்தில், பிஎச் 7 இல்லாதது ஏன்? அப்போது குடுவையில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட். அசிட்டேட் அயனி ஒரு வலிமை குறைந்த காரம். நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஹைட்ராக்சைடை விட்டுவிடும். நீங்கள் 7-இல் நிறுத்தினால் 24.86 மி.லி.யிலேயே நிறுத்தியதாகும், சுமார் 0.6 சதவீதப் பிழை.

26.40-க்குக் காரணம் பெரும்பாலும் தராசில் இருக்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் எடைபோடும்போதே காற்றின் ஈரத்தை உறிஞ்சும், 4.0 கிராமில் ஒரு பங்கு தண்ணீர். அதை எடைபோட்டு ‘0.1’ என்று சீசாவில் எழுதவே கூடாது, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற, துல்லியமாக எடைபோடக்கூடிய திட அமிலத்தை அந்தக் காரத்தால் தரம்பார்த்துச் செறிவு கண்டுபிடியுங்கள். தாலேட்டை 110–120 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் உலர்த்தி, உலர்கலனில் ஆறவைத்து, 0.51 கிராம் அளவில் நான்கு தசம இடம் வரை எடைபோட்டு, சுமார் 50 மி.லி. நீரில் கரையுங்கள். முழுக்கக் கரைந்ததா என்று குடுவையின் அடியைப் பாருங்கள். ஒரு சிறு படிகம் ஒட்டியிருந்தாலும் வந்த நிறம் பிறகு மறையும்.

பதில் (கார்பனேட்):
மேலே சொன்னது சரி, ஆனால் நிறம் மறைவதையும் கார்பன் டைஆக்சைடையும் விட்டுவிட்டார். காற்றிலிருந்து அது கரையக் கரைய பிஎச் இறங்கி இளஞ்சிவப்பு வெளுக்கும். குடுவையைச் சுழற்றியபடி 30 வினாடி நின்றால் அதுவே முடிவு நிலை. ஒரு நிமிடம் கழித்து மறைந்தால் இன்னொரு துளி விடாதீர்கள், விட்டுக்கொண்டே போனால் முடிவே வராது.

பழைய காரக் கரைசலில் கார்பனேட்டும் சேர்ந்திருக்கும். இரண்டு ஹைட்ராக்சைடு ஒரு கார்பனேட் ஆகிறது. பினாப்தலீன் முன்னிலையில் அந்தக் கார்பனேட் பைகார்பனேட் வரைக்கும்தான் வேலைசெய்யும், அதாவது பாதி நஷ்டம். மெத்தில் ஆரஞ்சில் நஷ்டமே தெரியாது. ஆகவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மெத்தில் ஆரஞ்சும் வைத்துச் செறிவு கண்டுவிட்டு, அதே காரத்தைப் பினாப்தலீனுடன் அசிட்டிக் அமிலத்துக்குப் பயன்படுத்துவது தவறு. ஹைட்ராக்சைடில் 2 சதவீதம் கார்பனேட் ஆகியிருந்தால் விடை 1 சதவீதம் கூடுதலாக வரும். தாலேட்டுக்கும் பினாப்தலீன்தான் என்பதால் அந்த வழியில் இந்தப் பிழை அடிபட்டுப்போகும்.

கரைசல் தயாரிக்கக் கொதிக்கவைத்து ஆறிய வாலை வடிநீரை எடுங்கள். பாலித்தீன் சீசாவில் வையுங்கள். கண்ணாடி மூடி என்றால் ஒட்டிக்கொண்டு திறக்க வராது.

துளித்துளி:
தாலேட் 0.5106 கிராமுக்கு 26.35 மி.லி. செலவானது. அமிலம் எவ்வளவு வருகிறது? இன்னொன்று, குடுவையையும் அமிலத்தால் அலச வேண்டுமா?

பதில் (பியூரெட்வாசி):
தாலேட்டின் மோலார் நிறை 204.22, 0.5106 கிராம் என்பது 2.500 மில்லிமோல். 26.35-ஆல் வகுத்தால் காரம் 0.0949 மோலார். அமிலம்: 26.40 × 0.0949 ÷ 25.00 = 0.1002 மோலார். உங்கள் அமிலம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

குடுவையை அமிலத்தால் அலசக் கூடாது. சுவரில் ஒட்டும் ஒவ்வொரு துளியும் 25 மி.லி.க்கு மேல் கூடுதல் கணக்கு. வெறும் வாலை வடிநீரால் அலசுங்கள், ஈரமாகவே இருந்தாலும் பரவாயில்லை, மோல் எண்ணிக்கை மாறாது. பிப்பெட்டை அமிலத்தாலும் பியூரெட்டைக் காரத்தாலும் இரண்டு முறை அலசுங்கள்.

பதில் (வெள்ளை ஓடு):
பியூரெட் முனையில் காற்றுக் குமிழி இருந்தால் நடுவில் அது வெளியேறி, அந்த இடத்தைக் காரம் நிரப்பும். அளவு கூடுதலாகக் காட்டும். தொடங்குமுன் குழாயை முழுவதும் திறந்து பீய்ச்சிவிடுங்கள், மேலே வைத்த புனலையும் எடுத்துவிடுங்கள். பினாப்தலீன் 2–3 துளி போதும், ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கை. அதிகம் ஊற்றினால் நீரில் கரையாமல் வெண்மையாகக் கலங்கி, முதல் இளஞ்சிவப்பை மறைத்துவிடும்.