பாரதிபுரம் 3வது தெரு குழு: தபால் ஓட்டுக்கு எட்டு மணிக் கணக்கு

மாதேஷ்: (வந்த செய்தி) "தபால் ஓட்டு போடுவோர் கவனத்திற்கு! தேர்தல் நாளன்று தபால் முத்திரை விழுந்திருந்தால் போதும். கவர் ஒரு வாரம் கழித்து வந்தாலும் எண்ணப்படும். அனைவருக்கும் பகிரவும்."

மாதேஷ்: இது சரிங்களா? ஆர்மில இருக்கற நம்ம தெரு பசங்களுக்கு அனுப்பலாம்னு இருக்கேன்.

கோவிந்தசாமி சார்: அனுப்பாதப்பா, முழுசும் தப்பு. நம்ம நாட்டுல முத்திரைத் தேதிக்கு மதிப்பே கிடையாது. எண்ணிக்கை தொடங்கற நேரத்துக்குள்ள கவர் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்கு வந்து சேரணும். வழக்கமா அது எண்ணிக்கை நாள் காலை 8 மணி. அதுக்கு அப்புறம் வர்ற கவரைப் பிரிக்கவே மாட்டாங்க. வந்த தேதி, நேரம் கவர் மேலேயே எழுதி, லேட்டா வந்ததையெல்லாம் தனிக் கட்டா வெச்சிடுவாங்க. உள்ள ஓட்டு எவ்வளவு சுத்தமா இருந்தாலும் சரி. 1961 தேர்தல் நடத்தை விதிகள்ல இது தெளிவா இருக்குது.

கோவிந்தசாமி சார்: முத்திரைக் கணக்கு அமெரிக்காவுல சில மாநிலங்கள்ல உண்டு. கலிபோர்னியால தேர்தல் நாளுக்குள்ள முத்திரை விழுந்து, 7 நாளுக்குள்ள வந்து சேர்ந்தா எண்ணுவாங்க. அதை யாரோ தமிழ்ல எழுதி விட்டிருக்காங்க. இங்க அதை நம்பி ஒரு ஜவான் கடைசி நாள்ல போஸ்ட் பண்ணினா அவன் ஓட்டு போச்சு.

மாதேஷ்: அய்யோ. குரூப்ல அழிச்சிடறேன் சார்.

பெருமாள் (ராணுவம், ஓய்வு): அழிக்காத தம்பி, கீழ பதில் இருக்கட்டும். வேற குரூப்லயும் இதே சுத்திட்டு இருக்கும். ஜவான்களுக்கு நான் சொல்றேன்.

பெருமாள் (ராணுவம், ஓய்வு): சர்வீஸ் ஓட்டர்க்கு இப்ப ஓட்டுச்சீட்டு தபால்ல போறது இல்ல. ஆன்லைன்ல போகுது, ஈ.டி.பி.பி.எஸ்.னு சொல்வாங்க. வேட்புமனு வாபஸ் முடிஞ்சு பட்டியல் இறுதியானதும் யூனிட்டுக்கு வந்திடும். ஓ.டி.பி., பின் நம்பர் போட்டு இறக்கி பிரிண்ட் எடுக்கணும். போறது மட்டும்தான் ஆன்லைன். திரும்பி வர்றது அதே பழைய தபால்ல. எல்லாரும் கோட்டை விடறது இங்கதான். "ஆன்லைன்ல போட்டுட்டேன்"னு நினைச்சுட்டு கவரை ட்ரங்குப் பெட்டியில வெச்சிருப்பான்.

பெருமாள் (ராணுவம், ஓய்வு): பிரிண்ட்ல நாலு சமாச்சாரம் வரும். ஓட்டுச்சீட்டு. 13ஏ உறுதிமொழி. 13பி, உள் கவர் மேல ஒட்டறது. 13சி, வெளிக் கவர் மேல ஒட்டறது. சீட்டுல குறி போட்டு மடிச்சு உள் கவர்ல வெச்சு ஒட்டணும். 13ஏ-ல கையெழுத்து போட்டு யூனிட் அதிகாரிகிட்ட அட்டெஸ்டேஷன் வாங்கணும். அப்புறம் ஒட்டின உள் கவரும் 13ஏ-வும் *தனித்தனியா* வெளிக் கவருக்குள்ள போகணும். 13ஏ-வை உள் கவருக்குள்ள வெச்சு ஒட்டிட்டா தீந்தது. எண்ணும்போது வெளிக் கவரைப் பிரிச்சா உறுதிமொழி இருக்காது. இல்லைன்னா உள் கவரைத் தொடமாட்டாங்க, அப்படியே தள்ளுபடி.

பெருமாள் (ராணுவம், ஓய்வு): ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதில்ல. முகவரி 13சி-லயே அச்சாகி வரும். கியூஆர் கோடு மேல டேப், கோந்து, மடிப்பு எதுவும் வேணாம், எண்ணற இடத்துல அதை ஸ்கேன் பண்ணித்தான் எடுப்பாங்க.

முருகம்மா அக்கா: எத்தனை நாள் முன்னாடி போடணும் பெருமாள்?

பெருமாள் (ராணுவம், ஓய்வு): சீட்டு வந்த அன்னைக்கோ மறுநாளோ போட்டுடணும்க்கா. லடாக்ல இருந்தும் அருணாச்சல்ல இருந்தும் தர்மபுரிக்குத் தபால் வர வானிலை ஒத்துழைக்கணும்.

கோவிந்தசாமி சார்: "எண்ணிக்கைக்கு நிறைய நாள் இருக்குது"ங்கறதையும் நம்பக் கூடாது. 2024-ல நமக்கு ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை, 46 நாள் இடைவெளி. 2021-ல ஏப்ரல் 6-க்கும் மே 2-க்கும் 26 நாள். 2016-ல மே 16 ஓட்டு, மே 19 எண்ணிக்கை. வெறும் மூணு நாள்! போன தடவை நேரம் இருந்ததேன்னு இந்தத் தடவை கணக்கு போட முடியாது.

கோமதி டீச்சர்: சார், பூத் டியூட்டி பாக்கற எங்க ஆளுங்களுக்கு வேற ஒரு குழப்பம் இருக்குது. அதையும் இங்கேயே எழுதிடறேன்.

கோமதி டீச்சர்: அந்த 8 மணிக் கெடு இப்ப எங்களுக்குப் பொருந்தாது. முன்னெல்லாம் சீட்டை வீட்டுக்குக் கொண்டு போய், எண்ணிக்கை நாள் காலை வரைக்கும் அனுப்பலாம், பெட்டியில போடலாம். 2023-ல விதியை மாத்திட்டாங்க. தேர்தல் பணியில இருக்கறவங்க வசதி மையத்துலயே சீட்டை வாங்கி, அங்கேயே குறி போட்டு, அங்கேயே பெட்டியில போட்டுட்டு வெளிய வரணும். வீட்டுக்கு எடுத்துட்டு வர வழியே இல்ல. அதனால நம்ம கெடு, மையம் திறந்திருக்கற கடைசி நாள் கடைசி மணி. பயிற்சி நாள்ல கூட்டமா இருக்குதுன்னு "அப்புறம் போட்டுக்கலாம்"னு கிளம்பிடாதீங்க. சீனியர் டீச்சருங்கதான் பழைய ஞாபகத்துல அப்படிப் போயிடறாங்க.

சங்கீதா: டீச்சர், எனக்கு இதான் முதல் டியூட்டி. எனக்கு இடிசி (தேர்தல் பணிச் சான்றிதழ்) தருவாங்களா, தபால் ஓட்டா?

கோமதி டீச்சர்: எந்தத் தேர்தல்ங்கறதைப் பொறுத்தது சங்கீதா. நாடாளுமன்றத் தேர்தல்னா, தர்மபுரி தொகுதிக்குள்ள பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், மேட்டூர் ஆறும் ஒண்ணு. தர்மபுரியில ஓட்டு இருந்து அரூர்ல டியூட்டி விழுந்தாலும் அதே எம்.பி. தொகுதி. படிவம் 12ஏ குடுத்து இடிசி வாங்கிட்டா டியூட்டி பாக்கற பூத்துலயே மெஷின்ல போடலாம். சட்டமன்றம்னா அரூர் வேற தொகுதி, அந்த மெஷின்ல உன் வேட்பாளர் பேரே இருக்காது. அப்ப படிவம் 12, தபால் ஓட்டுதான்.

கோமதி டீச்சர்: விதிப்படி படிவம் 12 ஓட்டு நாளுக்கு 7 நாள் முன்னாடி போய்ச் சேரணும், 12ஏ 4 நாள் முன்னாடி. முதல் பயிற்சியிலயே வாங்கிக்குவாங்க, அங்கேயே குடுத்துடு. வேலை உத்தரவு நகலும் ஓட்டர் ஐடி நகலும் கையில வெச்சுக்கோ. பாகம் எண், வரிசை எண் ரெண்டையும் *இப்ப இருக்கற* பட்டியல்ல பாத்து எழுது. எஸ்.ஐ.ஆர்., அதாவது வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துல ஒரு பூத்துக்கு 1,200 பேர்னு பிரிச்சதுல நிறைய பேருக்கு பாகம் எண் மாறிப் போச்சு. பழைய பூத் சிலிப்பைப் பாத்து எழுதினா பட்டியல்ல உன்னைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாம படிவம் ஓரமா நிக்கும்.

சங்கீதா: சரிங்க டீச்சர். மையத்துல அட்டெஸ்டேஷனுக்கு நானே ஆள் கூட்டிட்டுப் போகணுமா?

கோமதி டீச்சர்: வேணாம், கெஜட்டட் அதிகாரி அங்கேயே இருப்பார். ஆனா அவர் கையெழுத்து விழுந்ததான்னு நீ பாத்துட்டுதான் கவரை ஒட்டணும். சீட்டோட வரிசை எண் சீட்டுல, 13ஏ-ல, உள் கவர் மேல, மூணு இடத்துலயும் ஒண்ணா இருக்கணும். அவசரத்துல ஒரு இலக்கம் மாறினாலும் செல்லாது.

கோவிந்தசாமி சார்: அட்டெஸ்டேஷன் எவ்வளவு பெரிய விஷயம்னா ராதாபுரத்தைப் பாருங்க. 2016 சட்டமன்றத் தேர்தல்ல இன்பதுரை ஜெயிச்சது 49 ஓட்டுல. தள்ளுபடியான தபால் ஓட்டு 203. உறுதிமொழியில சான்று போட்ட தலைமை ஆசிரியர்களுக்கு அந்தத் தகுதி இல்லைன்னு தள்ளிட்டாங்க. எதிர்த்து நின்னு தோத்த அப்பாவு வழக்கு போட்டார். அந்த ஓட்டுகளை எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் 2019 அக்டோபர்லதான் உத்தரவு போட்டது. எண்ணினாங்க, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த ஆசிரியருங்க யாரும் தப்பு பண்ணலை. ஓட்டுச்சீட்டும் சரியாத்தான் இருந்தது. மனசு ஆறலை எனக்கு.

பெருமாள் (ராணுவம், ஓய்வு): நம்ம பக்கத்துலயே 2021-ல கிருஷ்ணகிரி 794 ஓட்டு வித்தியாசம்தானே சார்.

கோவிந்தசாமி சார்: ஆமாம். இப்ப ஒரு விதி இருக்குது. ஜெயிச்ச வித்தியாசத்தைவிட தள்ளுபடியான தபால் ஓட்டு அதிகம்னா, முடிவை அறிவிக்கறதுக்கு முன்னாடி தள்ளுபடியான அத்தனையையும் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபடி சரிபாக்கணும்.

மாதேஷ்: எண்ணறது எப்படி சார்? டிவில 8 மணிக்கே "தபால் ஓட்டு முன்னிலை"னு போடறாங்களே.

கோவிந்தசாமி சார்: 8 மணிக்குத் தொடங்கறதே தபால் ஓட்டுதான், அரை மணி நேரம் கழிச்சு மெஷின். ஆனா தபால் ஓட்டு வேகமா நகராது. ஒவ்வொரு வெளிக் கவரா பிரிச்சு 13ஏ இருக்கா, கையெழுத்து இருக்கா, சான்று இருக்கா, எண் பொருந்துதான்னு பாப்பாங்க. சரியா இருக்கற உறுதிமொழி எல்லாத்தையும் தனியா வெச்சு சீல் பண்ணின பிறகுதான் உள் கவரைப் பிரிப்பாங்க. யார் யாருக்குப் போட்டாங்கன்னு யாரும் சேத்துப் பாக்க முடியாம இருக்கறதுக்கு அந்த ஏற்பாடு. சீட்டுல பேரோ கையெழுத்தோ போட்டா தள்ளுபடி ஆகறதும் அதுக்குத்தான். டிக், பெருக்கல் எதுன்னாலும் பரவாயில்ல, யாருக்குன்னு புரியணும். ரெண்டு பேருக்குப் போட்டா செல்லாது.

கோவிந்தசாமி சார்: 2025 செப்டம்பர்ல ஆணையம் இன்னொண்ணு சொல்லிடுச்சு. தபால் ஓட்டு முடியாம மெஷின்ல கடைசிக்கு முந்தின சுற்றைத் தொடக் கூடாது. எனக்கு நல்ல முடிவாப் படுது. மெஷின் எல்லாம் முடிஞ்சு ஏஜெண்டுங்க பாதிப் பேர் கிளம்பின ஹால்ல தபால் கவரைப் பிரிக்கற நிலைமை இனி வராது.

முருகம்மா அக்கா: சார், எங்க அம்மாவுக்கு 87. வீட்டுக்கே வந்து வாங்கறாங்கன்னாங்க. அதுக்கும் 8 மணியா?

கோவிந்தசாமி சார்: இல்லம்மா, அங்க கெடு ரொம்ப முன்னாடியே. 85 வயசுக்கு மேல இருந்தாலோ, 40 சதவீதம் மாற்றுத்திறன் சான்று இருந்தாலோ படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கைத் தேதியில இருந்து 5 நாளுக்குள்ள குடுக்கணும். பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டுக்கு வந்து தருவார், நிரப்பி அவர்கிட்டயே குடுத்திடுங்க. டிவில தேர்தல் தேதி சொல்றாங்களே, அந்த நாள் இல்ல. வேட்புமனு தாக்கல் தொடங்கறப்ப வர்ற அறிவிக்கை. அதுல இருந்து எண்ணுங்க.

கோமதி டீச்சர்: அக்கா, 12டி குடுத்துட்டா பட்டியல்ல அம்மா பேருக்கு நேரா குறி போட்டுடுவாங்க. அப்புறம் மனசு மாறி பூத்துக்குக் கூட்டிட்டுப் போனா ஓட்டு கிடையாது. குழு வர்ற தேதியை முன்கூட்டியே சொல்லுவாங்க. ஆள் இல்லைன்னா இன்னொரு தடவை வருவாங்க, அதோட சரி. அந்த வாரம் அம்மாவை தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடாதீங்க.

முருகம்மா அக்கா: அம்மா நடந்து பூத்துக்குப் போகணும்னு ஆசைப்படறாங்க டீச்சர்.

கோமதி டீச்சர்: அப்ப 12டி குடுக்காதீங்கக்கா. பூத்துல சாய்வுதளம், சக்கர நாற்காலி இருக்கும், வரிசையில நிக்கவும் வேண்டியதில்ல.

மாதேஷ்: பெருமாள் அண்ணா, உங்க கவர் மெசேஜை பசங்க குரூப்ல போட்டுட்டேன். ஒருத்தன் கேக்கறான், மனைவி கூடவே குவார்ட்டர்ஸ்ல இருக்காங்க, அவங்களும் இதேதானா?

பெருமாள் (ராணுவம், ஓய்வு): கூடவே தங்கியிருந்து, சர்வீஸ் பட்டியல்ல பேர் ஏறியிருந்தா இதேதான். அவங்களுக்குத் தனிச் சீட்டு, தனி 13ஏ, தனிக் கவர். ரெண்டு பேர் ஓட்டையும் ஒரே கவர்ல போட்டு அனுப்பிட வேணாம்னு சொல்லு.