ஆளில்லாத நேரத்தில் மட்டும் உறையும் சர்வர்: என்விஎம்இ டிரைவரின் பிழையா?

கேள்வி (திருப்பூர்)
எங்கள் பனியன் கம்பெனியின் லினக்ஸ் சர்வர், சனிக்கிழமை வாரச் சம்பளக் கணக்கு ஓடும்போது எத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தாலும் தாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமையிலோ நள்ளிரவிலோதான் உறைந்துபோகிறது. திரையில் என்விஎம்இ டிரைவரின் (அதிவேக எஸ்எஸ்டி டிஸ்கை இயக்கும் மென்பொருள்) பெயரும் அதன் கீழே இஎக்ஸ்டி4 (கோப்பு முறைமை) பிழைகளும் தெரிகின்றன. மறுபடி இயக்கினால் லாக்கில் அந்த நேரத்துக்கான பதிவே இல்லை. எலக்ட்ரீஷியன் யூபிஎஸ்ஸைக் குறை சொல்கிறார். டிரைவரா, டிஸ்கா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில் (பீளமேடு)
விழுந்த டிஸ்கிலேயே லாக்கும் எழுதப்பட வேண்டியிருப்பதால் பதிவு இல்லாததில் வியப்பில்லைங்க. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) நிலைகுலையும்போது நினைவகத்தைச் சேமிக்கும் கேடம்ப்பும் வழக்கமாக அதே டிஸ்கில்தான் எழுதும். கெர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பும் நெட்கன்சோல் மாட்யூலை ஏற்றி, கட்டிங் பிரிவிலுள்ள ஏதேனும் ஒரு கணினியின் முகவரியைக் கொடுங்கள். கெர்னல் செய்திகள் யூடிபி வழியாக, இயல்பாக 6666ஆம் போர்ட்டுக்கு, போய்ச் சேரும். எந்த அளவு முக்கியமான செய்திகள் வரை வெளிவரும் என்பதைத் தீர்மானிக்கும் கன்சோல் லாக்லெவலை 8 ஆக உயர்த்த மறந்தால் பாதிச் செய்திகள் வராது.

கேட்டவர்
பிடிபட்டது. டிஸ்கின் கன்ட்ரோலர் செயலிழந்துவிட்டதால் ரீசெட் செய்யப்போவதாக முதல் வரி சொல்கிறது. கன்ட்ரோலரின் நிலைப் பதிவேட்டின் மதிப்பு எட்டு எஃப் (ffffffff). இஎக்ஸ்டி4 பிழைகள் அதற்குப் பிறகே வரத் தொடங்கி, நெடுநேரம் வந்துகொண்டிருந்தன.

பதில் (பெருந்துறை)
எட்டு எஃப் என்றால் 32 பிட்டிலும் மதிப்பு 1. டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) பாதையில் சாதனம் பதில் தராதபோது படிப்பவருக்குக் கிடைக்கும் மதிப்பு அதுதான். ஆகவே டிரைவர் சேதி சொன்னதே தவிர, விழுந்தது டிஸ்க். மின்சாரம் போயிருந்தால் நெட்கன்சோலும் அந்த நொடியே நின்றிருக்கும் என்பதால் யூபிஎஸ்ஸை விட்டுவிடலாம்.

வேலையில்லாத நேரத்தில் மட்டும் நிகழ்வதால் என் சந்தேகம் ஏபிஎஸ்டி எனப்படும் தானியங்கி மின்சேமிப்பின் மேல். 2017இல் வந்த 4.11 கெர்னலிலிருந்து டிரைவரே இதை இயக்குகிறது. சில டிஸ்குகள் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போனால் எழுவதில்லை. என்விஎம்இ கோர் மாட்யூலில் மின்சேமிப்பு நிலைகளுக்கான உச்சத் தாமத அளவுருவை பூட் வரியில் (கெர்னல் தொடங்கும்போது அதற்குத் தரும் அமைப்புகள்) 0 ஆக்குங்கள். புதிய கெர்னல்கள் இந்த யோசனையை, பிசிஐஇ ஏஎஸ்பிஎம்மை (அந்தப் பாதையின் மின்சேமிப்பு) அணைக்கும் யோசனையோடு சேர்த்து, லாக்கிலேயே அச்சிடுகின்றன; ஆனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமல் போகும் என்பதால் முதலில் ஏபிஎஸ்டியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். டிஸ்கின் ஃபர்ம்வேர் (உள்ளமை மென்பொருள்) புதுப்பிப்பு இருந்தால் அதையும் போடலாம், பேக்கப் எடுத்து, சம்பளப் பட்டுவாடா முடிந்த பிறகு.