விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன்ல இருந்து பிராக்ஸ்மாக்ஸுக்கு மாத்துன விஎம்ல பழைய டேட்டாதான் வருது, நீலத்திரையும் வருது, உதவி தேவை

கேள்வி:

எல்லாருக்கும் வணக்கம். என் டெஸ்க்டாப்ல விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன்ல மூணு விஎம் (கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற தனி கம்ப்யூட்டர்) ரொம்ப நாளா ஓடிட்டு இருக்கு. விண்டோஸ் சர்வர் 2019 ஒண்ணு, டேட்டாபேஸ் அதுலதான். உபுண்டு 22.04 ஒண்ணு, வெப் சர்வர். மூணாவது அல்மாலினக்ஸ் 9, பேக்கப் ஸ்கிரிப்ட் எல்லாம் அதுல. டெஸ்க்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணா மூணும் சேர்ந்து படுத்துடுது, அதனால தனியா ஒரு சர்வர்ல விஎம் ஓட்டுறதுக்கான பிராக்ஸ்மாக்ஸ் 8 போட்டுட்டேன்.

நேத்து ராத்திரி விண்டோஸை முதல்ல கொண்டுபோனேன். விஎம்மோட டிஸ்க் இருக்கிற விஎம்டிகே ஃபைல் எல்லாத்தையும் சர்வருக்கு காப்பி பண்ணி க்யூஎம் டிஸ்க் இம்போர்ட் கமாண்ட் கொடுத்தேன், 100 சதவீதம் வரைக்கும் போய் முடிஞ்சுது, ஒரு எரரும் இல்ல. டிஸ்க்கை விர்ட்டியோ ஸ்கசில (விஎம்முக்குன்னே இருக்கிற டிஸ்க் இணைப்பு) மாட்டி ஸ்டார்ட் பண்ணா லோகோ வருது, புள்ளிங்க கொஞ்ச நேரம் சுத்துது, அப்புறம் நீலத்திரை, இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்னு. சாதாரண சாட்டா இணைப்புக்கு மாத்திப் பார்த்தேன், பூட் ஆயிடுச்சு. அப்பாடானு டேட்டாபேஸைத் தொறந்தா கடைசி பதிவு மார்ச் மாசத்தோட நிக்குது, அதுக்கப்புறம் போட்ட ஒரு வரி கூட இல்ல. கை நடுங்கிடுச்சு. டெஸ்க்டாப்ல பழைய விஎம்மை ஆன் பண்ணா நேத்து வரைக்கும் எல்லாம் பத்திரமா இருக்கு. அப்போ நான் காப்பி பண்ணது என்ன? உபுண்டுவும் தனியா ஒரு தொல்லை, பூட் ஆகுது ஆனா நெட்வொர்க் இல்ல. அல்மாவை இன்னும் தொடவே இல்ல, பயமா இருக்கு.

முதல் பதில்:

பயப்படாதீங்க ப்ரோ, டேட்டா எங்கயும் போகல. மார்ச்ல ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துல விஎம் இருந்த நிலையைச் சேமிச்சு வைக்கிறது) எடுத்திருப்பீங்க, யோசிச்சுப் பாருங்க. ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிஷமே பழைய விஎம்டிகே அப்படியே உறைஞ்சுடும், அதுக்கப்புறம் எழுதுறதெல்லாம் பேர்ல 000001, 000002னு வர்ற தனி ஃபைலுக்குத்தான் போகும். நீங்க இம்போர்ட்டுக்கு கொடுத்தது அந்த உறைஞ்சு போன அடி டிஸ்க்கை. கமாண்ட் மேல தப்பே இல்ல, கேட்டதை சரியாத்தான் கொடுத்திருக்கு. இப்ப எது நடப்புல இருக்குனு தெரியணும்னா விஎம்மோட செட்டிங்ஸ் இருக்கிற விஎம்எக்ஸ் ஃபைலை நோட்பேட்ல தொறந்து டிஸ்க் ஃபைல் பேர் இருக்கிற வரியைப் பாருங்க, அங்க 00000னு ஏதாவது எண் ஒட்டியிருக்கும்.

ஸ்னாப்ஷாட் மேனேஜர்ல போய் எல்லா ஸ்னாப்ஷாட்டையும் டெலீட் பண்ணுங்க. டெலீட்னு சொன்னதும் மார்ச்சுக்கு அப்புறம் உள்ளது அழிஞ்சுடுமோனு நிறைய பேர் தயங்குறாங்க, அப்படி இல்ல, எல்லாம் அடி டிஸ்க்கோட சேர்ந்துடும், மார்ச்சுக்குத் திரும்பிப் போற வழி மட்டும்தான் மூடும். சேர்க்கிறப்போ இடம் நிறைய கேக்கும், டிஸ்க்ல காலி இருக்கானு முன்னாடியே பாருங்க. அதுல கை வைக்க மனசு வரலைனா ஃபுல் க்ளோன் போடுங்க, நடப்பு நிலையில ஸ்னாப்ஷாட் இல்லாத புது விஎம் கிடைக்கும், ஒரிஜினல் அப்படியே இருக்கும். நான் எப்பவும் க்ளோன்தான், டேட்டாபேஸ் இருக்கிற மெஷின்ல வேற எதையும் நம்ப மாட்டேன்.

அப்புறம் விஎம்மை சஸ்பெண்ட்ல விட்டுட்டு காப்பி பண்ணாதீங்க, உள்ள இருந்தே முறையா ஷட் டவுன் கொடுங்க. டிஸ்க் 2 ஜிபி துண்டு துண்டா இருந்தா எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும், இம்போர்ட்டுக்குக் கொடுக்க வேண்டியது எண் இல்லாத அந்த குட்டி விஎம்டிகே. சைஸ் ஒரு கேபி ரெண்டு கேபிதான் இருக்கும், இதுவா டிஸ்க்னு சந்தேகம் வரும், அதுலதான் மத்த துண்டுகளோட பட்டியல் இருக்கு.

இன்னொருத்தர்:

நீலத்திரைக்கு நான் சொல்றேன். விண்டோஸ் பூட் ஆகுறப்பவே டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேணும், விர்ட்டியோ டிரைவர் விண்டோஸ்ல கூடவே வராது, அதான் பாதியில நிக்குது. சாட்டாவுக்கு ஏற்கனவே டிரைவர் இருக்கிறதால பூட் ஆச்சு. அதனால முதல் பூட்டை சாட்டாலயே பண்ணுங்க, கூடவே 1 ஜிபிக்கு ஒரு காலி டிஸ்க்கை ஸ்கசில மாட்டுங்க, கன்ட்ரோலர் விர்ட்டியோ ஸ்கசி சிங்கிள்னு இருக்கட்டும். விண்டோஸுக்கான விர்ட்டியோ டிரைவர் இருக்கிற விர்ட்டியோ விண் ஐஎஸ்ஓவை சிடியா போட்டு இன்ஸ்டாலரை ஓட்டுங்க. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல அந்த 1 ஜிபி டிஸ்க் தெரிஞ்சா டிரைவர் உட்கார்ந்துடுச்சுனு அர்த்தம். இந்த காலி டிஸ்க்தான் முக்கியம், அது இல்லாம வெறும் டிரைவரை மட்டும் போட்டா சில சமயம் பூட்டுக்கு உதவாம போயிடும். அப்புறம் ஷட் டவுன், மெயின் டிஸ்க்கை கழட்டி ஸ்கசில மாட்டுங்க, ஆப்ஷன்ஸ்ல பூட் ஆர்டரை மறுபடி டிக் பண்ணுங்க, இதை மறந்துட்டு மறுபடி டிரைவர்தான் பிரச்சினைனு தேடிட்டு இருந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

விஎம்வேர் டூல்ஸை (விஎம்முக்குள்ள போட்டிருக்கிற விஎம்வேரோட துணை சாஃப்ட்வேர்) பழைய இடத்துல இருக்கும்போதே அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க, இங்க வந்தப்புறம் அது லேசுல போகாது. ஐபியை குறிச்சு வச்சுக்கோங்க. புது நெட்வொர்க் கார்டுல அதே ஐபி போட்டா வேற அடாப்டர்ல ஏற்கனவே இருக்குனு எச்சரிக்கை வரும், டிவைஸ் மேனேஜர்ல ஷோ ஹிட்டன் டிவைசஸ் போட்டு மங்கலா தெரியுற பழைய கார்டை எடுத்துடுங்க.

இன்னொண்ணு, விஎம்எக்ஸ் ஃபைல்ல ஃபர்ம்வேர் ஈஎஃப்ஐனு வரி இருக்கானு பாருங்க. இருந்தா பிராக்ஸ்மாக்ஸ்ல பயாஸ் செட்டிங்கை ஓவிஎம்எஃப்னு வைங்க, இல்லைனா சீபயாஸ். உங்களுக்கு சாட்டால பூட் ஆச்சுனா இது சரியாத்தான் இருக்கு, மத்த ரெண்டுக்கும் பார்த்துக்கோங்க.

மூணாவது பதில்:

உபுண்டுல நெட்வொர்க் உடையல, கார்டோட பேர்தான் மாறிடுச்சு. ஒர்க்ஸ்டேஷன்ல ஈஎன்எஸ்33னு இருந்திருக்கும், இங்க பெரும்பாலும் ஈஎன்எஸ்18னு வரும். பிராக்ஸ்மாக்ஸ் கன்சோல்ல லாகின் பண்ணி ஐபி ஏ அடிச்சு பேரைப் பாருங்க, உபுண்டுவோட நெட்வொர்க் செட்டிங்ஸ் இருக்கிற நெட்பிளான் ஃபைல்ல அதை மாத்தி நெட்பிளான் அப்ளை கொடுங்க. ஒர்க்ஸ்டேஷன்ல நேட்ல (டெஸ்க்டாப்புக்குப் பின்னாடி தனி நெட்வொர்க்கா) ஓட்டியிருந்தீங்கன்னா ஐபி ரேஞ்சே வேற, இங்க விஎம்பிஆர்0 பிரிட்ஜ் நேரா உங்க நெட்வொர்க்ல இருக்கு, அதனால ஐபி, கேட்வே ரெண்டும் மாத்தணும்.

அல்மாவை அவசரப்பட்டு நகர்த்தாதீங்க. அல்மா சேர்ந்த ரெட்ஹேட் குடும்பத்துல இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகுறப்போ முதல்ல லோட் ஆகுற சின்ன ஃபைல் தொகுப்பு) அந்த மெஷினுக்குத் தேவையான டிரைவரோட மட்டும்தான் கட்டப்படும், விர்ட்டியோ அதுல இருக்காது, ரூட் டிஸ்க்கைத் தேடித் தேடி அதைக் கட்டுற டிராகட்டோட எமர்ஜென்சி ஷெல்ல கொண்டுபோய் விட்டுடும். டெஸ்க்டாப்ல இருக்கும்போதே டிராகட்டை நோ ஹோஸ்ட்ஒன்லி ஆப்ஷனோட ஒருதடவை ஓட்டிடுங்க. ஏற்கனவே நகர்த்தி மாட்டிக்கிட்டவங்க க்ரப் மெனுல ரெஸ்க்யூ என்ட்ரியை எடுத்தா அதுல எல்லா டிரைவரும் இருக்கும், அதுல ஏறி திரும்ப கட்டிக்கலாம். பிராக்ஸ்மாக்ஸ்ல சிபியு டைப்பை கேவிஎம்64ல (பழைய அடிப்படை சிபியு மாதிரி) விடாதீங்க, அல்மா 9க்கு அது பத்தாது, ஆரம்பத்துலயே பேனிக் ஆகி நின்னுடும், ஒரே சர்வர்தான்னா ஹோஸ்ட்னு வைங்க. எந்த டிஸ்க்கை எங்க மாட்டணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் ஃபைல்ல டிஸ்க் பேருக்குப் பதிலா யுயுஐடி (மாறாத அடையாள எண்) இருந்தா கவலை இல்ல.

கேட்டவர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணும் வந்துடுச்சு! ஸ்னாப்ஷாட் நாலு இருந்துச்சு, நானே மறந்துட்டேன், விஎம்எக்ஸ்ல 000004னு இருந்ததைப் பார்த்ததும்தான் உயிர் வந்துச்சு. விண்டோஸை ஃபுல் க்ளோன் போட்டு எடுத்தேன், 200 ஜிபி, ஜிகாபிட் லைன்ல காப்பிக்கு மட்டும் அரை மணி நேரம் ஆச்சு. காலி டிஸ்க் வழி முதல் தடவையே ஓகே. டேட்டாபேஸ்ல கடைசி பதிவு நேத்து சாயங்காலத்தோடது, ரெண்டு பக்கமும் வரிசை எண்ணிக்கை எண்ணிப் பார்த்துட்டேன், சரியா இருக்கு. டேட்டா வச்சிருந்த ரெண்டாவது டிஸ்க் மட்டும் ஆஃப்லைன்னு காட்டுச்சு, ரைட் கிளிக் பண்ணி ஆன்லைன் கொடுத்ததும் வந்துடுச்சு. அல்மா டிராகட் ஓட்டினதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்லாம பூட் ஆச்சு.

டெஸ்க்டாப்ல இருக்கிற பழைய ஃபோல்டரை இப்பவே அழிச்சுடலாமா?

முதல் பதில்:

வேணாம் ப்ரோ, புது இடத்துல பேக்கப் எடுத்து அதுல இருந்து ஒருதடவை ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கிற வரைக்கும் கிடக்கட்டும். ஆனா தவறிக் கூட ஆன் பண்ணிடாதீங்க, அதே ஐபியோட ரெண்டு டேட்டாபேஸ் ஓடுனா எது எங்க எழுதுச்சுனு பிரிக்கவே முடியாது. ஒர்க்ஸ்டேஷன்ல ஆட்டோ ஸ்டார்ட் வச்சிருந்தீங்கன்னா அதை முதல்ல எடுங்க.