'சேதம்' போதுமா? குருத்தணு டி.என்.ஏ.வுக்கு ஒரு சொல்

> உடைந்தால் சேதம்தான் தம்பி. செல்லே உடைத்துக்கொண்டால் அதற்குத் தனிப்பெயர் எதற்கு?

அண்ணாச்சி, வணக்கம். குருத்தணுவில் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல், ஸ்டெம் செல்) டி.என்.ஏ. இழை அறுவதை எப்படி அறுந்தாலும் 'சேதம்' என்றே தமிழில் எழுதலாம் என்கிறீர்கள்.

சேரன்மகாதேவியில் வயல் வைத்திருக்கும் நீங்களா இப்படிக் கேட்கிறீர்கள்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் குளத்துக் கரை போனதை உடைப்பு என்றோம். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வந்ததும் மண்வெட்டியால் வரப்பை வெட்டி விடுகிறோமே, அதை யாரும் உடைப்பு என்பதில்லை. மடை வெட்டுகிறோம், பாய்ந்ததும் அதே மண்ணை இழுத்து அடைக்கிறோம்.

தசைக் குருத்தணு செய்வதும் இதுதான். தசைநாராக வேறுபடும்போது (அதாவது மாறும்போது) காஸ்பேஸ்-3 என்ற நொதி (செல்லைச் சாகடிப்பதில் பேர்போனது) டி.என்.ஏ.வை வெட்டும் இன்னொரு நொதியை ஏவிவிடுகிறது. அது பி21 மரபணுவை இயக்கும் பகுதியில் இழையை வெட்டுகிறது. பி21 விழித்துக்கொள்கிறது, செல் பிரிவது நின்று தசையாகும் வேலை நடக்கிறது. எலித் தசைச் செல்களில் 2010இல் இதைக் காட்டினார்கள். வெட்டவிடாமல் தடுத்தால் வேறுபடுதலும் தடைப்படுகிறது. வெட்டுகளைச் சரிசெய்ய எக்ஸ்ஆர்சிசி1 என்ற புரதம் வருகிறது. இதையும் கதிர்வீச்சில் இழை அறுவதையும் ஒரே சாக்கில் கட்டினால் மாணவர் என்னதான் புரிந்துகொள்வார்?

தவறி நேர்வது இழையுடைப்பு. செல் வேண்டுமென்றே செய்வது மடைவெட்டு. சரிசெய்வதற்கு 'அடைப்பு' வேண்டாம், இதய மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'செப்பம்' போதும்.

இன்னொன்று: வளர்ந்த உடலில் இருக்கும் குருத்தணுவை 'முதிர்ந்த குருத்தணு' என்று எழுதுகிறார்கள். பனையேறி யாராவது படித்தால் சிரிப்பார். முதிர்ந்தால் அது ஓலை. உடற்குருத்தணு என்போம்.

---

தம்பி, குருத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். மடையில்தான் சிக்கல். மயிர்க்காலில் இருக்கும் நிறமிக் குருத்தணுக்களைப் பார். எலிகளைக் கதிர்வீச்சுக்கு ஆட்படுத்திய 2009 ஆய்வில் அவை சாகவில்லை. காலத்துக்கு முன்பே நிறமிச் செல்லாக வேறுபட்டுக் குருத்தே தீர்ந்துபோனது. மயிர் நரைத்தது. வெட்டியவர் யாருமில்லை, ஆனால் தண்ணீர் பாய்ந்துவிட்டது. இது எதில் சேரும்?

---

உடைப்பில்தான் அண்ணாச்சி. கரை உடைந்து ஓடும் தண்ணீரிலும் யாருடைய வயலாவது நனையத்தான் செய்யும்; அதை நீர்ப்பங்கீட்டில் எழுதுவோமா? எனக்கு வேறு கவலை. வெறுமனே 'மடைவெட்டு' என்றால் வேளாண்மைப் பாடமா என்று கேட்பார்கள். 'இழை மடைவெட்டு' என்று நீட்டலாமா?

---

நீட்டாதே. 'இழைமடை' போதும். மடை என்றால் யாரோ வெட்டியது என்று நம் பக்கத்தில் சொல்லியா தரவேண்டும்?