கேம்பா பணம்: கிராம சபையைக் கேட்டா, கேட்காமலா?

வேங்கைமரம்:
அணைக்கும் சுரங்கத்துக்கும் காட்டை எடுப்பவர்கள், அதற்கு ஈடாகக் காடு வளர்க்கவும் சீர்செய்யவும் கட்டும் பணம்தான் கேம்பா நிதி. 2016 சட்டப்படி அதில் 90 சதவீதம் மாநிலத்துக்கு வருகிறது. காட்டில் அந்தப் பணத்தில் நடக்கும் வேலையை கிராம சபை "அல்லது" கிராம வனக்குழுவுடன் கலந்தாலோசித்துச் செய்யவேண்டும் என்கின்றன 2018 விதிகள். வம்பே அந்த "அல்லது"வில்தான். பல இடங்களில் வனக்குழுவின் செயலரே வனத்துறை ஊழியரான வனவர். தலைவரிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் ஆலோசனை முடிந்தது. கேள்வியும் நானே, பதிலும் நானே! கிராம சபை ஒப்புதல் இல்லாமல் ஒரு ரூபாய்கூடச் செலவாகக் கூடாது என்பேன்.

மோயாற்றங்கரை:
யானைக்கு எந்த கிராம சபையில் ஓட்டு? நீலகிரிப் பக்கத்து யானைகள் மூன்று மாநிலம் சுற்றுபவை. அங்குள்ள சீகூர் யானை வழித்தடத்துக்கு 2010இல் அரசாணை வந்தது, 2011இல் உயர் நீதிமன்றம் ஏற்றது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உள்ளூர்த் தீர்மானத்துக்கு விட்டிருந்தால், "வேலை தருகிறோம்" என்று சொல்லியே ரிசார்ட்காரர்கள் வேறு முடிவு வாங்கியிருப்பார்கள்.

இன்னொன்று: கிராம சபை கேட்பது பெரும்பாலும் குட்டையும் தடுப்பணையும். வறண்ட காட்டில் கோடை முழுக்கத் தண்ணீர் நின்றால், இடம் மாறவேண்டிய மான் கூட்டம் அங்கேயே நின்று சுற்றுவட்டாரப் புல்லை மொட்டையடித்துவிடும்.

வேங்கைமரம்:
காட்டுக்குள் குட்டை வெட்டுவது கிராம சபை கண்டுபிடித்த வேலையா என்ன? சரி, இந்தப் பணத்தில் நடக்கும் உண்ணிச்செடி (காட்டை மூடிப் பரவும் அயல்நாட்டுக் களை) அகற்றும் வேலைக்கு வாருங்கள். ஹெக்டேர் கணக்கில் ஒப்பந்தம் விட்டால் ஜேசிபி இறங்குகிறது. மண் கிளறப்படுகிறது, உள்ளே கிடந்த விதையெல்லாம் அடுத்த மழைக்கு முளைக்கிறது. முதல் வருடத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கியிருந்தால், மூன்றாம் வருடம் பழைய புதர்தான்.

சரியாகச் செய்வது எப்படி? பழம் வருமுன் போகவேண்டும். மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். வேர் வானம் பார்த்துக் காய்ந்தால் மறுபடி பிடிக்காது. கொண்டைக்குருவி பழம் தின்று வந்து உட்காரும் மரங்களின் அடியில் நாற்று முளைக்கும், அடுத்த இரண்டு மழைக்காலமும் அதைப் பிடுங்கவேண்டும். கூடவே உள்ளூர்ப் புல் விதை தூவவேண்டும். பில் வாங்கிக்கொண்டு போன ஒப்பந்தக்காரர் இதற்காகத் திரும்பி வரமாட்டார். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் அங்கேயேதான் இருப்பார்கள்.

மோயாற்றங்கரை:
முறையில் சண்டை இல்லை. ஆனால் அது ஆய்வாளர்கள் சோதித்துக் கண்ட முறை, கைதூக்கி முடிவானது இல்லை. உண்ணி எடுத்த இடத்தில் புல் வேர்பிடிக்கும்வரை மாடு விடக்கூடாது. தீர்மானம் போட்ட ஊரே மாட்டை ஓட்டிவந்தால் யார் தடுப்பது? கலந்தாலோசனை போதும், ஒப்புதல் வேண்டாம் என்பது இதனால்தான். இரண்டும் ஒன்றல்ல.

சட்டநகல்:
இருவரும் எந்த கிராம சபையைச் சொல்கிறீர்கள்? ஜனவரி 26, மே 1 என்று கூடும் பஞ்சாயத்து கிராம சபை வேறு, 2006 வன உரிமைச் சட்டம் சொல்லும் குடியிருப்பு அளவிலான கிராம சபை வேறு. முன்னதில் காட்டோரக் குடியிருப்பின் குரல் கரைந்துபோகும். பின்னதற்கு 2012 திருத்தப்படி பாதிப் பேர் வரவேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்கவேண்டும். சமூக வன வள உரிமை (ஊரார் சேர்ந்து தங்கள் காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமை) கிடைத்த இடத்தில் மேலாண்மைத் திட்டம் போடுவதே அந்த சபையின் குழுதான். அங்கே "அல்லது வனக்குழு" என்று தப்பிக்க முடியாது.

புலிகள் காப்பகத்திலும் வித்தியாசம் உண்டு. வெளிவட்ட எல்லைக்கு கிராம சபையைக் கலந்தாலோசிக்க வேண்டும், மையப்பகுதி அறிவியல் அடிப்படையில் முடிவாகும். ஆனால் அங்கிருந்து குடும்பங்களை இடமாற்ற கிராம சபையின் ஒப்புதல் வேண்டும், 15 லட்சம் தருகிறோம் என்றாலும்! ஒப்புதலுக்குப் பல் இருப்பதை 2013இல் ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பார்த்தோம்: 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றதும் சுரங்கம் நின்றது.

மோயாற்றங்கரை:
நியாம்கிரி நிலத்தைப் பறிப்பது பற்றியது, களை எடுப்பது பற்றியதல்ல. இருந்தாலும் ஒன்றுக்கு இறங்கிவருகிறேன். உரிமை கிடைத்த எல்லைக்குள் சபை முடிவெடுக்கட்டும். வழித்தடம், புல்வெளி இரண்டையும் அதிலிருந்து விலக்கவேண்டும். மலை உச்சியில் சோலைக்காட்டை ஒட்டி இயற்கையாக இருக்கும் புல்வெளியை "காலி இடம்" என்று நினைத்து மரம் நடச் சொல்லும் ஊர்களும் உண்டு.

வேங்கைமரம்:
அந்தப் புல்வெளியில் சீகையை (வாட்டில் என்னும் அயல்நாட்டு மரம்) நட்டது எந்த ஊர்? வனத்துறைதானே! வழித்தட எல்லையை விட்டுக்கொடுக்கிறேன், புல்வெளியை மாட்டேன். அதோடு ஆண்டுத் திட்டம் மேலே போவதற்கு முன்பே குடியிருப்பு சபைக்கு வரவேண்டும்: எந்த சர்வே எண், எத்தனை ஹெக்டேர், எந்தச் செடி, பின்பராமரிப்புக்கு எந்த வருடம் எவ்வளவு. ஒப்புதலான பிறகு மே 1 அன்று வாசித்துக்காட்டுவது எனக்கு ஆலோசனை ஆகாது.

மோயாற்றங்கரை:
வரைபடமும் வேண்டும். சர்வே எண்ணை மட்டும் எழுதினால் ஓடை எந்தப் பக்கம் என்று எவருக்கும் தெரியாது. புல்வெளி விஷயத்தில் நான் இறங்கமாட்டேன்.