மாற்கு 4:39 – கடலுக்கு வாய்ப்பூட்டா?

தாராபுரம் சண்டே ஸ்கூல் டீச்சர்:
ஏனுங்க, பசங்களுக்கு இந்த வாரம் பைபிள்ல மாற்கு 4 எடுக்கணும், இயேசு படவுல போறப்ப புயலையும் கடலையும் அடக்கற இடம். "இரையாதே, அமைதலாயிரு"ங்கிறதுல ரெண்டாவது சொல்லு கிரேக்கத்துல 'ஃபிமோவோ'வாம். அகராதியில மாட்டுக்கு வாய் கட்டறதுன்னு போட்டிருக்கு. கடலுக்கும் மாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?

காங்கேயத்துக்காரன்:
அதே சொல்லுதானுங்க அம்மிணி. 'ஃபிமோஸ்'னா வாய்ப்பூட்டு. உபாகமம் 25:4, செப்டுவஜிந்துல, அதாவது பழைய ஏற்பாட்டோட பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல, இதே வினைதான். 1 தீமோத்தேயு 5:18-லயும் "போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக"ன்னு வருது பாருங்க.

எங்க அப்பாரு களத்துல சோளக்கருதைப் பரப்பித் தாம்பு ஓட்டறப்ப பூட்டை அவுத்துருவாரு. பருத்திக்குள்ள ஓட்டறப்பத்தான் போடுவாரு, இல்லீன்னா போற போக்குல நுனியெல்லாம் கடிச்சுப்போடும். பூட்டு போட்டா மாடு கத்தாதுன்னு நினைச்சுக்காதீங்க. நல்லாவே கத்தும். வாய் வெக்கத்தான் முடியாது. கடல் போட்ட சத்தத்துக்கு 'சியோபா', அதாவது "இரையாதே", முன்னாடியே வந்துருச்சு. அப்புறம் எதுக்கு இன்னொரு சொல்லு? 37-ம் வசனத்துல அலை படவை நிரப்ப வருதில்லீங்களா, அந்த வாய்க்குத்தான் பூட்டுங்கிறது என் எண்ணம்.

கோவை இறையியல் மாணவன்:
அண்ணா, ரசிச்சுப் படிச்சேன். ஆனா எல்லா இடத்துலயும் மாட்டைக் கொண்டுவர முடியாதுங்ணா. மத்தேயு 22:34-ல சதுசேயர்ங்கிற யூதப் பிரிவினரை இயேசு "வாயடைத்தார்"ங்கிறதும் இதே வினைதான். அங்க வாதத்துல மடக்கினார், அவ்வளவுதான். அதே அதிகாரம் 12-ம் வசனத்துல, இயேசு சொன்ன கலியாண விருந்து உவமையில, கலியாண வஸ்திரம் இல்லாதவன் பேச்சில்லாம நின்னதும் இதுதான்.

டீச்சர், மாற்கு 1:25-ஐயும் சேர்த்து எடுங்க. அசுத்த ஆவியை "அதட்டி", இதே வினையால வாயை அடைக்கிறார். 4-ம் அதிகாரத்துல காற்றையும் "அதட்டி"த்தான் பேசறார். ஆவிகிட்டப் பேசின தோரணையிலயே கடல்கிட்டயும் பேசறார்னு மாற்கு காட்டறார். ஒரு வித்தியாசம்: ஆவிக்குச் சொன்னது 'ஃபிமோதேத்தி', அடங்குன்னு ஒரே அதட்டு. கடலுக்குச் சொன்னது 'பெஃபிமோசோ', கட்டினது கட்டினபடியே கிட. எகிப்துல கிடைச்ச கிரேக்க மந்திரச் சுவடிகள்லயும் எதிராளி வாயைக் கட்ட இந்தச் சொல் வருது.

காங்கேயத்துக்காரன்:
மத்தேயு விஷயம் தம்பி சொல்றது சரிதான். மாற்குல நான் பூட்டை அவுக்கமாட்டேன்.

தாராபுரம் சண்டே ஸ்கூல் டீச்சர்:
ரெம்ப நன்றிங்க. பசங்க வாய்ப்பூட்டையே பார்த்ததில்ல. எங்க கிடைக்குமுங்க?

காங்கேயத்துக்காரன்:
மாட்டுச்சந்தைப் பக்கம் கயித்துக்கடையில கேளுங்க அம்மிணி. இப்பெல்லாம் நைலான்லதான் வருது.